நகராத கோடும் நகர்ந்த போரும்: ரஷ்ய–உக்ரைன் போரை அளப்பது எப்படி? (2022–2025)

முன்னுரை

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் வடக்கு, கிழக்கு, தெற்கு ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் உக்ரைனுக்குள் நுழைந்தன. 2014-இல் கிரிமியாவை ரஷ்யா தன்னுடன் இணைத்துக்கொண்டதும், அதே ஆண்டு டோன்பாஸ் பகுதியில் மூண்ட சண்டையும் இந்தப் படையெடுப்புக்கு முன்னோடிகள். படையெடுப்பு தொடங்கிய நாள் முதல் இந்தப் போரை அன்றாடம் கவனிப்பவர்களின் கண்கள் ஒரு வரைபடத்தின் மீதே பதிந்திருக்கின்றன. எந்த ஊர் விழுந்தது, எத்தனை சதுர கிலோமீட்டர் கைமாறியது என்பதே செய்தியின் தலைப்பாகிறது.

2022 நவம்பருக்குப் பிறகு அந்த வரைபடம் பெரிதாக மாறவில்லை. உக்ரைன் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்போதும் ரஷ்யாவிடம் இருந்தது. 2025-இன் நடுப்பகுதியிலும் அப்படியே இருந்தது. இதைக் கண்ட பலர் போர் தேங்கிவிட்டது என்று எழுதினர். அந்த முடிவு தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். போர்முனைக் கோடு அசையாத காலத்தில்தான் போரின் போக்கை மாற்றிய பெரும் நிகழ்வுகள் பல நடந்தன. அவற்றைக் காண வழங்கல், கடல், மின்சாரம், உயிரிழப்பு ஆகிய நான்கையும் நிலத்தோடு சேர்த்து அளக்க வேண்டும். 2022 பிப்ரவரி முதல் 2025 நடுப்பகுதி வரையிலான நிகழ்வுகளைச் சான்றாகக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

1. கோடு மாறுமுன் வழங்கல் மாறுகிறது

2022 செப்டம்பர் 6 அன்று உக்ரைன் படை கார்கிவ் மாகாணத்தில் எதிர்த்தாக்குதல் தொடங்கியது. பலக்லியா, குப்யான்ஸ்க், இசியும் ஆகிய ஊர்கள் சில நாட்களில் மீண்டன. செப்டம்பர் முதல் பன்னிரண்டு நாட்களில் கிழக்கிலும் தெற்கிலும் சேர்த்து 6,000 சதுர கி.மீ. நிலம் மீட்கப்பட்டதாக ஜனாதிபதி ஸெலென்ஸ்கி அறிவித்தார். 2024 முழுவதிலும் ரஷ்யா புதிதாகப் பிடித்தது ஏறக்குறைய 4,000 சதுர கி.மீ. மட்டுமே என்பதோடு ஒப்பிட்டால் அந்த வேகம் விளங்கும்.

ஆனால் அந்தத் தாக்குதலுக்கு முந்தைய வாரங்களில் கார்கிவ் முனையில் கோடு ஏறத்தாழ அசையாமலே கிடந்தது. கோட்டுக்குப் பின்னால்தான் மாற்றம் நடந்துகொண்டிருந்தது. ஜூன் இறுதியில் களமிறங்கிய அமெரிக்க ஹைமார்ஸ் ராக்கெட்டுகள் ரஷ்ய வெடிமருந்துக் கிடங்குகளை ஒவ்வொன்றாக அழித்தன. கெர்சனைக் காக்க ரஷ்யா தன் படைப்பிரிவுகளைத் தெற்கே நகர்த்தியதால் கார்கிவ் முனை மெலிந்தது. முதல் அரையாண்டின் இழப்புகளுக்குப் பிறகு அந்த இடைவெளியை நிரப்ப ஆளும் போதவில்லை. செப்டம்பர் 21 அன்று மூன்று லட்சம் பேரைத் திரட்டும் ஆணையை ரஷ்ய ஜனாதிபதி புதின் பிறப்பித்தது இதற்குச் சான்று.

கெர்சன் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2022 படையெடுப்பில் ரஷ்யா கைப்பற்றிய ஒரே மாகாணத் தலைநகரம் அது. நீப்ரோ ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த ரஷ்யப் படை, உணவுக்கும் குண்டுக்கும் அந்தோனிவ்கா பாலம் உள்ளிட்ட சில கடப்புகளையே நம்பியிருந்தது. ஜூலை முதல் உக்ரைன் அந்தப் பாலத்தைத் தொடர்ந்து தாக்கியது. பல வாரங்கள் கோடு நகரவில்லை. 'தாக்குதல் தோற்றது' என்ற விமர்சனங்களும் வந்தன. நவம்பர் 9 அன்று ரஷ்யா பின்வாங்கலை அறிவித்தது. 11-ஆம் தேதி நகரம் மீண்டது. தெருச்சண்டை நடக்காமலே ஒரு நகரம் விடுபட்டதற்குக் காரணம், ஜூலையிலிருந்தே அறுபட்டுவந்த வழங்கல். வரைபடத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது திடீர் நிகழ்வு. பாலத்தைப் பார்த்தவர்களுக்கோ எதிர்பார்த்த ஒன்று.

2. கோடே கரைந்துபோன களம்

2023-க்குப் பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்தது. கேமரா காட்டும் காட்சியைப் பார்த்தே இயக்குநர் ஓட்டும் சிறு ட்ரோன்கள் பெருகியதால், முனையிலிருந்து இரு பக்கமும் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு எந்த வாகனமும் பகலில் நடமாட முடியாத கொலைக்களம் உருவானது. மின்னணுத் தடைகளுக்கு அடங்காத, கண்ணாடி இழைக் கம்பியில் இயங்கும் ட்ரோன்கள் அந்த ஆழத்தை மேலும் கூட்டின. இரண்டு மூன்று பேர் கொண்ட குழுக்களாகக் காலாட்படையினர் ஊர்ந்து செல்கிறார்கள். எதிரியின் நிலைகளைத் தாண்டிப்போய் ஒரு வீட்டின் நிலவறையில் ஒளிந்திருப்பவரும் உண்டு. இத்தகைய களத்தை ஒரே கோட்டால் வரைய முடியாது. உக்ரைனின் 'டீப்ஸ்டேட்' வரைபடத்தில் சாம்பல் நிறப் பட்டை இருப்பதற்கு இதுவே காரணம்.

ஊர் பிடிபட்டது என்ற அறிவிப்பையும் இதே எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். போருக்கு முன் ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த பாக்முத் நகருக்கான சண்டை 2022 ஆகஸ்டில் தொடங்கி 2023 மே மாதம் வரை நீண்டது. மே 20 அன்று வாக்னர் கூலிப்படை வெற்றியை அறிவித்தது. வரைபடத்தில் அது சிறு புள்ளி. ஆனால் அங்கு சிந்திய ரத்தம் ஒரு தனிப்படையின் முதுகெலும்பை முறித்தது. குண்டு வழங்கவில்லை என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தோடு வாக்னர் தலைவர் பிரிகோஷின் மூட்டிய பூசல், ஜூன் 23, 24 தேதிகளில் மாஸ்கோவை நோக்கிய ஆயுதக் கலகமாக வெடித்தது. பாக்முத்தின் உண்மையான விளைவை அந்தப் புள்ளியில் தேடினால் கிடைக்காது.

3. கடல்: வரைபடம் காட்டாத வெற்றி

2023 கோடையில் சபோரிஷியா முனையில் உக்ரைன் நடத்திய எதிர்த்தாக்குதல் கண்ணிவெடி வயல்களில் சிக்கியது. ரோபோதினே என்ற சிற்றூரை எட்டியதோடு நின்றது. தொக்மாக், மெலித்தோபோல் என்ற இலக்குகள் எட்டாமலே போயின. நில வரைபடத்தின்படி அந்த ஆண்டு உக்ரைனுக்குத் தோல்வி ஆண்டு.

அதே மாதங்களில் கருங்கடலில் நடந்தது வேறு. ஐ.நா.வும் துருக்கியும் முன்னின்று 2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில் உருவாக்கிய தானிய ஒப்பந்தத்தின் வழியே ஏறத்தாழ 33 மில்லியன் டன் சரக்கு வெளியேறியிருந்தது. 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா அதிலிருந்து விலகி, ஒடேசா துறைமுகங்களையும் தன்யூப் ஆற்றுத் துறைமுகங்களையும் குண்டுவீசித் தாக்கியது. ஒரு மாதத்துக்குள் உக்ரைன் தானே ஒரு கப்பல் வழியை அறிவித்தது. ருமேனியா, பல்கேரியா கரைகளை ஒட்டி அது செல்கிறது. அதைக் காத்தவை கடல் ட்ரோன்களும் ஏவுகணைகளும்தான். 2022 ஏப்ரலில் 'மாஸ்க்வா' என்ற கொடிக்கப்பலை மூழ்கடித்த உக்ரைன், 2023 செப்டம்பரில் செவஸ்தபோல் உலர்துறையில் ஒரு நீர்மூழ்கியையும் ஒரு தரையிறக்கக் கப்பலையும் சிதைத்தது. அடுத்த சில நாட்களில் கருங்கடல் கடற்படையின் தலைமையகத்தையே தாக்கியது. ரஷ்யா தன் முக்கியக் கப்பல்களை நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்கு நகர்த்தியது. 1936-இன் மோந்த்ரோ உடன்படிக்கையைப் பயன்படுத்தித் துருக்கி நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு மூடியிருந்ததால், இழந்தவற்றுக்கு ஈடாக வேறு கப்பல்களையும் கொண்டுவர இயலவில்லை.

பெரிய போர்க்கப்பல் ஒன்றுகூட இல்லாத நாடு, கடலின் மேற்குப் பாதியை வணிகத்துக்குத் திறந்துவைத்தது. 2024 தொடக்கத்தில் உக்ரைனின் கடல்வழி ஏற்றுமதி போருக்கு முந்தைய அளவை நெருங்கியது. தானியமும் சூரியகாந்தி எண்ணெயும் விற்ற பணம் அரசின் மூச்சைக் காத்தது. சூரியகாந்தி எண்ணெய்க்கு உக்ரைனையும் ரஷ்யாவையும் பெரிதும் நம்பியிருக்கும் இந்தியச் சந்தையில், 2022 வசந்தத்தில் விலை ஏறியதை நம் சமையலறைகளும் உணர்ந்தன. இந்தக் கடல் மாற்றத்தின் தடயம் எந்த நில வரைபடத்திலும் இல்லை.

4. மின்சாரம்: கோட்டுக்குப் பின்னால் ஒரு முனை

2022 பிப்ரவரி 24 விடியலுக்கு முன், ஒரு சோதனைக்காக உக்ரைன் தன் மின்கட்டமைப்பை ரஷ்ய, பெலாரஸ் கட்டமைப்புகளிலிருந்து துண்டித்திருந்தது. மூன்று நாளில் முடிய வேண்டிய சோதனை அது. சில மணி நேரத்தில் படையெடுப்பு தொடங்கியது. உக்ரைன் மீண்டும் ரஷ்யாவோடு இணையவில்லை. மார்ச் 16 அன்று ஐரோப்பியக் கட்டமைப்போடு இணைந்தது. அந்த இணைப்பு இல்லாதிருந்தால் அடுத்த குளிர்காலங்களைக் கடந்திருப்பது அரிது.

2022 அக்டோபர் 10 முதல் ரஷ்யா மின்கட்டமைப்பைத் திட்டமிட்டுத் தாக்கியது. முதல் குளிர்காலத்தில் இலக்கானவை பெரும்பாலும் மின்மாற்றிகளும் துணைமின் நிலையங்களும். இவற்றைப் பழுதுபார்க்க முடியும். 2024 வசந்தத்தில் உற்பத்தி நிலையங்களே இலக்காயின. ஏப்ரல் 11 அன்று கீவ் அருகிலுள்ள த்ரிபில்யா அனல்மின் நிலையம் முற்றாக அழிந்தது. ஐரோப்பாவிலேயே பெரிய, ஆறு உலைகள் கொண்ட சபோரிஷியா அணுமின் நிலையம் 2022 மார்ச் முதல் ரஷ்யாவின் பிடியில் இருக்கிறது. அதன் மின்சாரம் உக்ரைனுக்கு இல்லை. மறுபுறம், 2024 தொடக்கத்திலிருந்து உக்ரைனின் நெடுந்தூர ட்ரோன்கள் ரஷ்ய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளைத் தேடித் தேடித் தாக்குகின்றன. இரு நாடுகளும் ஒன்றையொன்று சோர்வடையச் செய்யும் இந்த முனையில் ஒரு சதுர மீட்டர் நிலம்கூடக் கைமாறுவதில்லை.

5. உயிரிழப்புக் கணக்கு: சான்றின் தரம்

இழப்புகள்தான் தேய்மானப் போரின் நேரடி அளவுகோல். அவற்றைத்தான் இரு அரசுகளும் அதிகமாக மறைக்கின்றன. 2022 செப்டம்பரில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சர் 5,937 பேர் இறந்ததாகச் சொன்னார். அதன் பிறகு முழுக்கணக்கு வெளியாகவில்லை. உக்ரைன் தரப்பில் 31,000 என்று 2024 பிப்ரவரியிலும், 43,000 என்று அதே ஆண்டு டிசம்பரிலும் ஸெலென்ஸ்கி அறிவித்தார். எதிரியின் இழப்பு குறித்து இரு தரப்பும் நாள்தோறும் வெளியிடும் எண்களைப் போர்ப் பிரச்சாரமாகவே கருத வேண்டும்.

இந்த நிலையில் வேறு வகைச் சான்றுகளை ஆய்வாளர்கள் உருவாக்கினர். மீடியாசோனா இதழும் பிபிசி ரஷ்யப் பிரிவும் இரங்கல் அறிவிப்புகள், கல்லறைகள், உள்ளூர்ச் செய்திகள் வழியாக இறந்த ரஷ்யப் படைவீரர்களைப் பெயர் பெயராகத் தொகுத்தன. 2025 தொடக்கத்தில் அந்தப் பட்டியல் 90,000-ஐத் தாண்டியது. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு பெயர் இருப்பதால் இது கீழ்வரம்பு. உண்மை இதற்கு மேலேதான் இருக்க முடியும். படம் அல்லது காணொளி இருந்தால் மட்டுமே தளவாட இழப்பைக் கணக்கில் சேர்க்கும் 'ஓரிக்ஸ்' தொகுப்பும் இதே நெறியைப் பின்பற்றுகிறது. அதன்படி ரஷ்யா இழந்த டாங்கிகள் 3,000-க்கும் மேல். பொதுமக்கள் இறப்பில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் தான் சரிபார்த்தவற்றை மட்டுமே வெளியிடுகிறது. 2025 நடுப்பகுதியில் அது 13,000-ஐக் கடந்திருந்தது. மரியுபோல் போன்ற இடங்களில் சரிபார்க்க வழியில்லாததால் உண்மை எண்ணிக்கை மிக அதிகம் என்று அந்த அலுவலகமே வலியுறுத்துகிறது.

இந்த அளவுகோலுக்கும் வரம்பு உண்டு. இழப்பை மட்டும் எண்ணி, ஈடுகட்டும் ஆற்றலை எண்ணாதவர்கள் ரஷ்யாவிடம் ஏவுகணை தீர்ந்துவிடும் என்று 2022-இலேயே கணித்துப் பிழைபட்டார்கள். ஈரானின் ஷாஹெத் ட்ரோன்களை ரஷ்யா யெலாபூகா ஆலையில் தானே செய்யத் தொடங்கியது. வடகொரியாவிடமிருந்து குண்டுகளும் பின்னர் படையினரும் வந்தனர். உக்ரைனோ நட்பு நாடுகளின் நாடாளுமன்றங்களை நம்பியிருந்தது. அமெரிக்க உதவி மாதக்கணக்கில் முடங்கிய காலத்தில், குண்டுப் பஞ்சத்தின் நடுவே, 2024 பிப்ரவரியில் அவ்தீவ்கா நகரம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் படைத்திரட்டல் வயது 27-இலிருந்து 25-ஆகக் குறைக்கப்பட்டது. எனவே இழப்பையும் ஈட்டையும் ஒருசேரப் படிக்க வேண்டும்.

6. எதிர்வாதம்: பேரத்தில் இருப்பது நிலம்தானே?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. போர் முடியும்போது மேசையில் வைக்கப்படுவது நிலம். ஆகவே நிலமே இறுதி அளவுகோல் என்பார்கள். 2022 செப்டம்பர் 30 அன்று டோனெட்ஸ்க், லுஹான்ஸ்க், சபோரிஷியா, கெர்சன் ஆகிய நான்கு மாகாணங்களைத் தன்னுடையவை என ரஷ்யா அறிவித்தது. அன்று அவற்றில் ஒன்றுகூட முழுமையாக அதன் கையில் இல்லை. பேச்சுவார்த்தைகளில் ரஷ்யாவின் கோரிக்கை, போரிட்டுப் பிடிக்காத நிலத்தையும் விட்டுத்தர வேண்டும் என்பதே. இந்த மறுப்பை ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து வரும் முடிவு வேறு.

எல்லாச் சதுர கிலோமீட்டரும் ஒன்றல்ல. ஸ்லோவியான்ஸ்க், கிராமதோர்ஸ்க் நகரங்களை உள்ளடக்கிய அரண்வரிசை 2014 முதல் வலுப்படுத்தப்பட்டது. அதைக் கொடுப்பதும் வெட்டவெளி வயல்களைக் கொடுப்பதும் சமமாகா. போக்ரோவ்ஸ்க் அருகிலிருந்த கோக்கிங் நிலக்கரிச் சுரங்கம் 2025 ஜனவரியில் மூடப்பட்டபோது உக்ரைனின் எஃகுத் தொழிலே ஆட்டம் கண்டது. அனைத்துக்கும் மேலாக, அந்த நிலத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள். ஆக்கிரமிப்புப் பகுதிகளில் ரஷ்யக் குடியுரிமையும் பாடத்திட்டமும் திணிக்கப்படுகின்றன. குழந்தைகளைச் சட்டவிரோதமாக நாடுகடத்திய குற்றச்சாட்டில் 2023 மார்ச் 17 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் புதினுக்கும் குழந்தைகள் உரிமை ஆணையர் மரியா லவோவா-பெலோவாவுக்கும் பிடியாணை பிறப்பித்தது. நிலத்தின் எடை அதன் பரப்பில் இல்லை. அங்கு வாழ்வோரின் கதியில் இருக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகள் மூன்று முடிவுகளைத் தருகின்றன. ஒன்று, கோட்டின் நகர்வு பெரும்பாலும் விளைவு. காரணங்கள் பாலங்களிலும் கிடங்குகளிலும் ஆலைகளிலும் நாடாளுமன்றங்களிலும் மாதங்களுக்கு முன்பே உருவாகின்றன. இரண்டு, கடலும் மின்கட்டமைப்பும் தனித்தனிப் போர்முனைகள்; 2023-இல் நிலமும் கடலும் எதிரெதிர்த் தீர்ப்புகளை அளித்தன. மூன்று, எண்களுக்கு மதிப்பு அவற்றைச் சேகரித்த முறையால் வருகிறது. பெயரோடும் படத்தோடும் வரும் கீழ்வரம்பு, அரசுகள் வீசும் பேரெண்களைவிட நம்பத்தக்கது.

தமிழில் போர்ச்செய்தி எழுதுவோரிடமும் அதைக் கற்பிப்போரிடமும் ஒரு வேண்டுகோள். ஊர் வீழ்ந்தது என்ற செய்தியோடு, சொன்னது யார், சரிபார்த்தது யார், எந்த நாளின் நிலவரம் என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஊரில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரைனியர்கள் நாட்டுக்கு வெளியே ஏதிலிகளாக வாழ்கிறார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்காத போர்வரைபடம் எதுவும் முழுமையானதல்ல.