76 வயசுல ஸ்பாட்டிஃபையுடன் மோதல்... யார் இந்த நீல் யங்?

2022 ஜனவரி. ஜோ ரோகனின் பாட்காஸ்ட் கொரோனா தடுப்பூசி பற்றித் தவறான தகவல்களைப் பரப்புவதாகச் சொல்லி, அதை வெளியிட்ட ஸ்பாட்டிஃபைக்குக் கெடு வைத்தார் கனடா ராக் பாடகர் நீல் யங். ஒண்ணு ரோகன் இருக்கணும், இல்லன்னா தன் பாட்டு இருக்கணும்! சில நாட்களிலேயே அவரது பாடல்கள் நீக்கப்பட்டன. ஆன்லைனில் அவர் பாடல்களைக் கேட்பதில் 60 சதவீதம் ஸ்பாட்டிஃபையில்தான் என்று அவரே சொன்னார். சின்ன நஷ்டம் இல்லை.

ஏன் இவ்வளவு கோபம்?

1951-ல், 5 வயதில் நீல் யங்கைப் போலியோ தாக்கியது. அப்போது அதற்குத் தடுப்பூசி கிடையாது. அவரைத் தொடர்ந்து பாடல்களை விலக்கிக்கொண்ட ஜோனி மிட்செலும் சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர்தான். கொரோனா பற்றிப் பேசும் பாட்காஸ்ட்களுக்கு எச்சரிக்கைக் குறிப்பு போடுவதாக ஸ்பாட்டிஃபை அறிவித்தது.

இது புதுசா?

இல்லை. 1970 மே மாதம், அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல் படை சுட்டதில் 4 மாணவர்கள் இறந்தனர். சில வாரங்களில் அவர் எழுதிய 'ஒஹையோ' பாடல் வெளியானது. 1985-ல் விவசாயிகளுக்கு நிதி திரட்டும் 'ஃபார்ம் எய்ட்' கச்சேரியை வில்லி நெல்சன், ஜான் மெல்லன்கேம்ப்புடன் தொடங்கினார். 1995-ல், தன்னைவிடப் பல வயது இளைய பேர்ல் ஜாம் குழுவோடு ஒரு ஆல்பமே போட்டார்.

கடைசியில் யார் ஜெயிச்சாங்க?

ரோகன் நிகழ்ச்சி நிற்கவில்லை. 2024-ல் அது ஆப்பிள், அமேசான் தளங்களுக்கும் போனது. எல்லாவற்றையும் விட்டு வெளியேறினால் ரசிகர்கள் எங்கே போய்க் கேட்பார்கள்? அந்த மார்ச்சில் பாடல்கள் ஸ்பாட்டிஃபைக்கே திரும்பின. அங்கே ஒலித்தரம் சரியில்லை என்ற புலம்பலை மட்டும் அவர் விடவில்லை.