ஓர் உயிரொலியின் எல்லை

இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரை நியூகாசிலுக்கும் வியர் ஆற்று முகத்துவாரத்துச் சண்டர்லாந்துக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் முன்னது மன்னர் பக்கம் நின்றது. பின்னது நாடாளுமன்றப் பக்கம். நிலக்கரி வாணிகப் போட்டி வேறு. அப்பழம்பகை பின்னாளில் கால்பந்துத் திடலில் பெரும்பாலும் பாட்டும் கேலியுமாகத் தணிந்தது. தம் அணியினரை ஊக்க நியூகாசிலார் ‘ஹவ்வே’ என்பர். சண்டர்லாந்தார் ‘ஹாவே’ என்பர். பொருள் ஒன்றே: ‘வா, வா’. உயிரொலியை மாற்றிக் கூவியவன் அயலூரான்!

‘செய்’ எனப் பொருள்படும் ‘மேக்’ என்பதைச் சண்டர்லாந்துக் கப்பல்தச்சர் ‘மாக்’ என ஒலித்தனர். அதை எள்ளியே ‘மாக்கெம்’ என்னும் பட்டப்பெயர் எழுந்தது என்பர். நம் வகுப்பறைகள் கொச்சையென ஒதுக்கும் இத்தகைய ஒலிப்பை அவ்வூரார் உவந்து தம் பெயராக்கிக் கொண்டனர். அங்கிருந்த கப்பல் கட்டும் தளங்களில் எஞ்சியவையும் 1988இல் மூடப்பட்டன. தச்சரின் ‘மாக்’ இன்றும் திடலில் கேட்கிறது.