பகலில் எடுக்க வேண்டிய ரத்தம்

யானைக்கால் நோய் இருக்கிறதா என்று பார்க்க இரவில்தான் ரத்தம் எடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் பழைய பாடம். நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரத்துக்கு ஏற்ப, புழுவின் குஞ்சுகளும் இரவில்தான் தோலடி ரத்தத்துக்கு வருகின்றன. நிக்கோபாரின் நான்கௌரி தீவுக்கூட்டத்திலோ அதே இனப் புழு பகலில்தான் கூடுதலாகத் தென்படுகிறது. அங்கே அதைப் பரப்புவது பகலில் கடிக்கும் காட்டுக் கொசு. மற்ற ஊர்களில் பாடம் படித்தவர் அங்கே இரவில் ரத்தம் எடுத்தால் நோயின் அளவு குறைவாகவே தெரியும். தீவுக்கு வேண்டிய மருத்துவக் கல்வி தீவில்தான் நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. ஆனால் அந்தமான் நிக்கோபாரில் முதல் மருத்துவக் கல்லூரி, ஆண்டுக்கு 100 எம்.பி.பி.எஸ். இடங்களுடன், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் 2015இல்தான் தொடங்கியது.

இந்தத் தாமதம் வியப்பானது. ஏனெனில் தீவுகளின் குடியேற்ற வரலாறே நோயிலிருந்து தொடங்குகிறது. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் சாத்தம் தீவில் அமைத்த குடியிருப்பு பின்னர் வடக்கே மாற்றப்பட்டது. காய்ச்சலும் சாவும் மிகுந்ததால் 1796இல் கைவிடப்பட்டது. கைதிகளைக் குடியேற்ற மறுபடி இடம் பார்க்க 1857இல் அனுப்பப்பட்ட குழுவின் தலைவர் ஃபிரெடரிக் மூவாட், கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் பேராசிரியராக இருந்தவர். 1858 மார்ச்சில் முதல் கைதிகளோடு வந்திறங்கிய கண்காணிப்பாளர் ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கரும் மருத்துவரே. இப்படி மருத்துவர்களே தொடங்கி வைத்த குடியிருப்பில் மருத்துவம் கைதிகளையும் காவலர்களையும் மையமாக வைத்து இயங்கியது. பூர்வகுடிகளுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்தது நோய்தான். 1877இல் தட்டம்மை பெரிய அந்தமானியர் என்ற பூர்வகுடியினரை வாரிக்கொண்டு போனது. 1901 கணக்கெடுப்பில் 625 பேராக இருந்தவர்கள் 1931இல் 90, 1961இல் 19 என்று சுருங்கினார்கள். தீவு மக்களோடு ஒன்றிய மருத்துவர்கள் இல்லாமலில்லை. 1927இல் பணிக்கு வந்த திவான் சிங் அப்படிப்பட்டவர். தீவுகளைப் பிடித்திருந்த ஜப்பானியரின் சித்திரவதையில் 1944 ஜனவரி 14இல் செல்லுலார் சிறையில் உயிர்விட்டார். அந்தச் சிறை வளாகத்தில்தான் 1963இல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை எழுந்தது. மருத்துவக் கல்லூரியின் இன்றைய மாணவர்கள் நோயாளிகளைப் பார்த்துப் பழகுவதும் அங்கேதான். ஆனால் ஒரு நல்ல மருத்துவர் வருவதும் போவதும் வேறு, அவர் கற்றதைக் கைமாற்றித் தர ஓரிடம் இருப்பது வேறு.

அந்த இடம் ஏன் வேண்டும் என்பதை வட அந்தமானின் காய்ச்சல் காட்டுகிறது. 1980களின் இறுதியிலிருந்து திக்லிபூர்ப் பக்கம், மழையை ஒட்டி, இருமலில் ரத்தம் வரும் கடுமையான காய்ச்சல் வந்துபோனது. காரணம் விளங்காததால் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. 1983இல் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) அமைந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மையம்தான், 1990களில், அது எலிக்காய்ச்சல் என்று கண்டறிந்தது. எலிக்காய்ச்சல் முன்பே அறிந்த நோய். ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படுவது. உள்ளூரிலேயே தங்கி ஆராய்ந்தவர்கள் இருந்ததால்தான் அந்தப் புதிர் அவிழ்ந்தது.

2011 கணக்கின்படி 3,80,581 பேரே வாழும் இடத்துக்கு மருத்துவக் கல்லூரி எதற்கு, சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ மாணவர்களை அனுப்பினால் போதாதா என்பார்கள். இந்த எதிர்வாதத்தில் பாதி நியாயம் உண்டு. அரிய அறுவை சிகிச்சைகளைப் பார்த்துப் பழக நோயாளிகள் ஏராளமாக வரும் மருத்துவமனை வேண்டும். அதற்காகச் சில மாதங்கள் மாணவர்களை வெளியே அனுப்புவதில் தவறில்லை. ஆனால் படிப்பு முழுவதையும் வெளியே வைத்தால் நான்கௌரியின் பகல் கொசு எந்தப் பாடத்தில் வரும்? பட்டம் பெற்றவர்கள் எப்படியும் மெயின்லேண்டுக்குப் போய்விடுவார்கள் என்பது அடுத்த வாதம். சிலர் போவார்கள்தான். ஆனால் ராங்கத்தில் பிறந்த செவிலியர் சாந்தி தெரசா லக்ராவை நினைத்துப் பார்க்க வேண்டும். நூறு பேர் அளவே உள்ள ஓங்கே பூர்வகுடி மக்களின் டுகாங் கிரீக் குடியிருப்பில் பணிக்குச் சேர்ந்து, 2004 சுனாமி குடியிருப்பை அழித்த பின்னும் அவர்களோடு காட்டில் தங்கி வேலை செய்தார். 2011இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் மருத்துவரல்ல, செவிலியர் என்பது முக்கியம். தொலைதூரத் தீவில் முதலில் ஊசி போடுவதும் பிரசவம் பார்ப்பதும் செவிலியர்தான். எனவே கல்லூரியின் பெருமையை எம்.பி.பி.எஸ். இடங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கக் கூடாது. செவிலியருக்கும் ஆய்வக நுட்பருக்கும் அதே வளாகத்தில் சம அக்கறையோடு பயிற்சி வேண்டும். ஒவ்வொரு மாணவரும் சில வாரங்களாவது திக்லிபூரிலோ நான்கௌரியிலோ கேம்ப்பெல் பேயிலோ தங்கி, கப்பல் வராத நாட்களில் நோயாளியை எப்படிக் காப்பது என்று கற்க வேண்டும்.