சோடியக் கரு பருத்த வரலாறு

பொம்மையார்பாளையத்திலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்களைக் காணலாம். அப்பாத்திகளில் விளையும் உப்பைச் சிறிது தீயில் தூவினால் சுடர் மஞ்சளாகும். அது சோடியத்தின் ஒளி. அவ்வொளியின் துணைகொண்டு அணுக்கருவின் பருமனை அளந்த வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

1911-இல் ரதர்போர்டு, அணுவின் நடுவே மிகச் சிறிய கரு உண்டென்று நிறுவினார். 1932-இல் சாட்விக், மின்னூட்டமற்ற நியூட்ரானைக் கண்டறிந்தார். 1950-களில் ஹாப்ஸ்டாட்டர், எலெக்ட்ரான்களைக் கருவின்மேல் செலுத்தி அதன் உருவை அளந்தார். 1961-இல் நோபல் பரிசும் பெற்றார். துகள்களின் எண்ணிக்கை எட்டு மடங்கானால் கருவின் ஆரம் இரு மடங்காகும் என்ற எளிய விதி நிலைபெற்றது.

நியூட்ரானை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் இவ்விதி பொருந்துமா? நம் உப்பிலுள்ள சோடியக் கருவில் 11 புரோட்டான்களும் 12 நியூட்ரான்களும் உள்ளன. இதனினும் நியூட்ரான் மிகுந்த சோடியக் கருக்கள் நிலைப்பதில்லை. ஆக்கிய பின் விரைவில் சிதைந்துவிடும். ஆயினும் 1970-களில் பிரெஞ்சு அறிஞர்கள் அத்தகைய அணுக்களின்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, மஞ்சள் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நகர்கிறதென்று அளந்தனர். அந்நகர்வின் பெரும்பகுதி எடையால் வருவது. எஞ்சிய சிறு பகுதியே பருமனைச் சொல்வது. அதுவும் புரோட்டான்களின் பரப்பை மட்டுமே காட்டும். மின்னூட்டமற்ற நியூட்ரான் அதற்குப் புலப்படாது. ஆகவே பாதி விடையே கிடைத்தது.

மறுபாதிக்கு வழிகாட்டியவர் ஜப்பானிய அறிஞர் தனிஹாதா. 1985-இல் அவர் குழுவினர் பெர்க்லியில் லித்தியம் 11 என்னும் கருவைக் கரி முதலிய இலக்குகளின்மேல் பாய்ச்சினர். கரு பெரிதாயின் மோதலும் மிகும் அன்றோ! அக்கரு எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாயிருந்தது. அதன் இரு நியூட்ரான்கள் நெடுந்தொலைவு பரவி நிற்பது பின்னர் விளங்கிற்று.

இம்முறையையே ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் சோடியத்துக்கும் கையாண்டனர். முடிவு 1995-இல் வெளிவந்தது. மோதலால் அறிந்த முழுப் பருமனை, ஒளி காட்டிய புரோட்டான் பருமனோடு ஒப்பிட்டபோது உண்மை புலனாயிற்று. நியூட்ரான் கூடக்கூட, கருவின் வெளிப்புறத்தே நியூட்ரான்களாலான ஒரு தோல் படிப்படியாகத் தடிக்கிறது! அத்தடிப்பு ஏறத்தாழ 0.4 ஃபெர்மி வரை சென்றது. ஃபெர்மி என்பது ஒரு மில்லிமீட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

மாணவர்களே, பாடநூலின் விதி பொய்யன்று. நிலைத்த கருக்களுக்கு அது இன்றும் நல்வழிகாட்டி. நிலையற்ற விளிம்பிலேதான் அது தளர்கிறது. இந்த நுண்ணிய தோலின் தடிப்புக்கும், விண்ணிலுள்ள நியூட்ரான் விண்மீனின் பருமனுக்கும் காரணம் ஒன்றே: நெருக்கப்படும் நியூட்ரான்கள் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம். எனவே, கருவின் தோலைச் செவ்வையாக அளப்பவர், எட்டாத விண்மீனையும் அளக்க வழி செய்கிறார்.