ஏட்டைப் படிக்கும் உரிமை: பண்டிதர் அயோத்திதாசரின் வாசிப்பை முன்வைத்து



அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் வாய்னிச் சுவடி என்றொரு கையெழுத்து நூல் இருக்கிறது. அதன் தோல் ஏடுகள் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. அதிலுள்ள எழுத்தைப் பேராசிரியர்களும் படிக்க முயன்றார்கள், ஆர்வலர்களும் முயன்றார்கள். படித்துவிட்டதாக அறிவித்தவர்கள் பலர். ஆனால், ஒருவர் சொன்ன முறையை வைத்து இன்னொருவர் அதே விடைக்கு வர முடியவில்லை. மாறாக, கிரேக்கத்தின் லீனியர் பி எழுத்தை 1952இல் படித்துக் காட்டிய மைக்கேல் வென்ட்ரிஸ் ஒரு கட்டடக் கலைஞர். அவருடைய முறை, புதிதாகக் கிடைத்த களிமண் பலகையிலும் பொருந்தி வந்தது. படித்தவரின் பட்டத்தைக் காட்டிலும் வாசிப்பைச் சோதிக்க முடிகிறதா என்பதே முக்கியம்.

இந்த அளவுகோலோடு பண்டிதர் அயோத்திதாசரிடம் (1845–1914) வருவோம். அவர் சித்த மருத்துவர்; கல்லூரிப் பேராசிரியர் அல்லர். 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டை அவர் வழியாக எல்லிஸ் துரைக்குச் சேர்த்தார் என்பது பண்டிதரே பதிவுசெய்த குடும்ப வரலாறு. சேரிக்கு ஏடு ஏது என்று கேட்பவர்களுக்கு அந்தப் பதிவே பதில்.

ஓலையில் புள்ளி வைப்பதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. ஆகவே, ஓலையைப் படிக்கும் எவரும் ஒவ்வொரு வரியிலும் ஒரு முடிவெடுக்கிறார். அந்த முடிவில் அவருடைய மரபும் நம்பிக்கையும் கலக்கும். 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர்கூட, அது பௌத்த நூல் என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தார். தமிழ்ப் பௌத்தம் அந்த அளவுக்கு மறக்கடிக்கப்பட்டிருந்தது.

அந்த மறதிக்குள்தான் பண்டிதர் தேடினார். நிகண்டுகளையும் நீதி நூல்களையும் மருத்துவ ஏடுகளையும் பௌத்தக் கண்கொண்டு படித்தார். திருக்குறளைத் ‘திரிக்குறள்’ என்று வாசித்துத் திரிபிடகத்தோடு இணைத்தார். பறையர் என்ற பெயருக்குப் ‘பறைபவர்’, அதாவது வேடதாரிகளின் பொய்யை வெளியே சொன்னவர், என்று பொருள் கண்டார். தீபாவளியை எள்ளெண்ணெய் கண்டறிந்த நாளாக விளக்கினார்.

இவற்றில் எவை நிற்கும்? சொல்லைப் பிரித்து மட்டும் வரலாறு எழுதினால், எதிர்த்தரப்பும் அதே சொல்லை வேறாகப் பிரித்துக்கொள்ளும். நம்மில் சிலருக்குக் கசந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். ஆனால், தமிழகத்தில் பௌத்தம் ஆழ வேரூன்றி இருந்தது என்ற அவருடைய அடிப்படைக் கூற்றுக்கு வெளிச்சான்று இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் சுமார் 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. ஆனைமங்கலம் செப்பேடு, சூடாமணி விகாரத்துக்குச் சோழர் அளித்த கொடையைச் சொல்கிறது.

தீண்டப்படாதோர் முன்னாள் பௌத்தர் என்ற கருத்துக்கு இந்தச் சான்றுகள் மட்டும் போதா. 1948இல் அண்ணல் அம்பேத்கர் வேறு சான்றுகளோடு, வேறு பாதையில், அதே கருத்தை அடைந்தார். இருவர் தனித்தனியே ஓரிடத்துக்கு வந்து சேர்வது, அந்த இடத்தை இன்னும் தோண்ட வேண்டும் என்பதற்குப் போதுமான காரணம். பண்டிதரைக் கல்விப்புலம் நீண்டகாலம் ஒதுக்கியதும், நாம் அவரைச் சோதிக்காமல் வணங்குவதும் அந்த வேலையைத் தடுக்கின்றன.

பக்கத்துப் பெரம்பூரில் பௌத்தச் சங்கம் இயங்கிய மண் இது. எம்.கே.பி. நகர் மாணவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். தாத்தா மருத்துவம் பார்த்தவரா, சோதிடம் சொன்னவரா, கூத்து ஆடியவரா என்று வீட்டில் கேளுங்கள். பரணில் ஓலைக்கட்டு இருந்தால் எண்ணெய் தடவிச் சுத்தம் செய்ய முயலாதீர்கள். உள்ளபடியே படமெடுங்கள். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். பிறகு ஓலையெழுத்தைக் கற்று, இருவர் தனித்தனியே படித்து, ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வேறுபடுகிறீர்களோ, ஆராய்ச்சி அங்கே தொடங்கும்.

ஜெய்பீம்.