டொரோத்தி வோனின் படிப்புத் திட்டம்

கோடிங் படிக்கப் போறம் எண்டு முடிவெடுத்ததும் நாங்கள் முதலில் செய்யிற வேலை ஒரு பட்டியல் போடுறதுதான். முதல் மாதம் பைத்தன், அடுத்த மாதம் ஜாவாஸ்கிரிப்ட், பிறகு ஒரு சான்றிதழ். கலைப்பீடத்தில் படிக்கிற என்னிடமும் அப்படியொரு பட்டியல் இருக்கு, இரண்டாவது வரியோட நிக்குது. டொரோத்தி வோனைப் பற்றி வாசித்த பிறகுதான் அந்தப் பட்டியலில் என்ன குறை எண்டு விளங்கிச்சு.

வோன் 1910இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். 1929இல் கணிதத்தில் பட்டம் பெற்று, வேர்ஜீனியாவில் ஆசிரியராக இருந்தார். இரண்டாம் உலகப்போர் வந்தது. 1941இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பாதுகாப்புத் துறை வேலைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று 8802ஆம் இலக்க ஆணையைப் பிறப்பித்தார். அது சும்மா கிடைத்த ஆணை இல்லை. தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப், கறுப்பின மக்களைத் திரட்டி வாஷிங்டனுக்குப் பேரணி வருவோம் என்று எச்சரித்த பிறகே அது வந்தது.

அப்படித் திறந்த கதவால்தான் 1943 டிசம்பரில் வோன் லாங்லி விமான ஆய்வுகூடத்துக்குள் போனார். அந்தக் காலத்தில் 'கம்பியூட்டர்' எண்டால் கணக்குப் போடுற ஆள். பொறியியலாளர்கள் தருகிற சமன்பாடுகளையும் பரிசோதனைத் தரவுகளையும் வைத்துக் கையாலும் கணக்கிடும் இயந்திரங்களாலும் விடை காண்பதுதான் வேலை. கறுப்பினப் பெண்களுக்கெண்டு தனிப் பிரிவு, தனிக் கழிப்பறை, தனிச் சாப்பாட்டு மேசை. 1949இல் வோன் அந்தப் பிரிவுக்குத் தலைவரானார். அந்த நிறுவனத்தின் முதல் கறுப்பின மேற்பார்வையாளர் அவர்தான்.

பிறகு, அவர்கள் செய்த வேலையின் பெயரையே எடுத்துக்கொண்டு மெஷின்கள் வந்தன. 1957இல் ஐபிஎம் நிறுவனம், கணிதச் சூத்திரங்களுக்கு நெருக்கமாக எழுதக்கூடிய போர்ட்ரான் மொழியை வெளியிட்டது. 1958இல் லாங்லி நாசாவின் பகுதியானது, தனிப் பிரிவும் கலைக்கப்பட்டது. வோன் புதிய கணினிப் பிரிவுக்குப் போனார். போர்ட்ரானைத் தானும் படித்து, தன்னோடு வேலை செய்த பெண்களுக்கும் படிப்பித்தார். ஸ்கௌட் ரொக்கெட் திட்டத்திலும் பங்களித்தார்.

2016இல் வந்த 'ஹிடன் பிகர்ஸ்' படத்தில் இது நூலகத்தில் கிடைத்த ஒரு புத்தகத்தோட தொடங்கும். ஆனால் அவருடைய படிப்புக்கு அதைவிட நீண்ட முன்கதை இருக்கு. கணிப்பு இயந்திரங்களுக்கான அட்சரகணித முறைகள் பற்றிய கைநூலொன்றை அவர் முன்னமே சக பெண்களோடு சேர்ந்து தொகுத்திருந்தார். ஒரு பெரிய சமன்பாட்டைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து ஒழுங்குபடுத்துறதுதான் அவர் பல வருசமாகச் செய்த வேலை. புரோகிராமிங்கின் அடிப்படையும் அதுதானே. புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது மொழியை மட்டும்தான். என்ர பட்டியலில் இல்லாததும் இதுதான்: எனக்கு ஏற்கனவே என்ன தெரியும், அதை எங்க கொண்டு போகலாம், ஆரோட சேர்ந்து போகலாம்.

இத்தோட முடிச்சால் இது ஒரு தன்னம்பிக்கைக் கதை. ஆனால் வரலாறு அவ்வளவு வசதியாக இல்லை. தனிப் பிரிவு கலைக்கப்பட்ட பிறகு, 1971இல் ஓய்வுபெறும்வரை வோனுக்கு இன்னொரு தலைமைப் பதவி கிடைக்கவில்லை. அவர் அதற்கு முயன்றும் கிடைக்கவில்லை. அமெரிக்கக் காங்கிரஸின் தங்கப் பதக்கம் 2019இல் அறிவிக்கப்பட்டபோது, அவர் இறந்து 11 வருசமாகியிருந்தது.

"படிச்சால் எல்லாம் சரிவரும்" எண்டு எங்களுக்குச் சொல்லித்தான் வளர்க்கினம். வோனின் வாழ்க்கையில் அது பாதி உண்மை. உள்ளே போகக் கதவைத் திறந்தது ஒரு மக்கள் போராட்டம். மெஷின் வந்த பிறகும் அவரை உள்ளே நிற்க வைத்தது படிப்பு. மேல இருந்த கதிரையை அந்த ரெண்டும் சேர்ந்தும் அவருக்கு வாங்கிக் குடுக்கேல்ல. அதுக்குப் படிப்பு காணாது எண்டு சொன்னால், பிழையை அவர் தலையில போடுற மாதிரி ஆகும்.

நான் என்ர பட்டியலை அழிச்சிட்டன். பழைய பத்திரிகைகளிலிருந்து பெயர், திகதி எடுத்துக் கையால அட்டவணை போடுறது எங்கட பாடத்தில இருக்கிற வேலை. அதைச் செய்ய ஒரு சின்ன புரோகிராம் எழுதப் பார்க்கிறம். இந்த முறை நாங்கள் மூண்டு பேர்.