வாய், ஈறு அறுவைத் தையல் இழைகளின் வலிமை

ஈறு, வாய் அறுவையில் காயத்தின் விளிம்புகளை இணைத்துப் பிடிக்கும் நூல், திசு கூடும்வரை அறாமலும் முடிச்சு நெகிழாமலும் இருக்க வேண்டும். நூலின் பருமன் சுழியங்களால் குறிக்கப்படும்: 3-0ஐவிட 4-0 மெல்லியது, 5-0 அதனினும் மெல்லியது. மெலியும்தோறும் இழுவிசை தாங்கும் திறன் குறையும். இழுக்கும்போது நூல் பெரும்பாலும் முடிச்சருகில்தான் அறும்.

தொடக்கம்: பண்டைய இந்திய மருத்துவ ஏடான சுசுருத சம்ஹிதை நார், மயிர், தசைநார் ஆகியவற்றால் தைப்பதைக் கூறுகிறது. குடல் காயத்தைப் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்கவிட்டு மூடி, உடலைக் கிள்ளிவிட்டுத் தலையை மட்டும் விட்டுவைக்கும் முறையும் அதில் உண்டு. குடல்நாரைத் தையலுக்கு முதலில் கையாண்டவர் பண்டைய மருத்துவர் காலென் என்பர் சிலர். அல்-ராஸி அல்லது அல்-ஸஹ்ராவி என்பர் வேறு சிலர்.

லிஸ்டர் காலம்: ஆட்டுக்குடலில் செய்த கேட்கட் நம்பகமான நூலானது அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரால். பதப்படுத்தாத குடல்நார் ஈரத்தில் ஊறி வழுவழுப்பாகும். போட்ட முடிச்சு நழுவும். அவர் அதைக் கார்பாலிக் அமிலமும் எண்ணெயும் கலந்த கலவையில் வாரக்கணக்கில் ஊறவைத்தார். நாள்பட நார் கண்ணாடிபோல் தெளிந்தது. ஈரத்திலும் முடிச்சு இறுகி நின்றது. 1868 இறுதியில் ஒரு கன்றின் கழுத்துத் தமனியை அதனால் கட்டினார். ஒரு மாதம் கழித்து அறுத்துப் பார்த்தபோது, நாரின் இடத்தை உயிர்த்திசு பிடித்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. 1869இல் ‘தி லான்செட்’ இதழில் இதை வெளியிட்டார். கேட்கட்டை உடல் செரித்துவிடுவதால் அது கரைகிறது என்பது பின்னாளைய விளக்கம். கரைவதைத் தாமதிக்கக் குரோமிக் அமிலம் சேர்க்கும் முறையை 1881இல் லிஸ்டர் விவரித்தார். சாதாரண கேட்கட் 7–10 நாளும், குரோமிக் கேட்கட் ஏறத்தாழ இரண்டு வாரமும் வலிமை காக்கும் என்பது பொதுக்கணக்கு. உமிழ்நீர் படும் வாயில் இது இன்னும் குறையலாம்.

பட்டு: அறுவை மருத்துவர்களான கோக்கரும் ஹால்ஸ்டெடும் கேட்கட்டைவிடப் பட்டையே விரும்பினர். முடிச்சு எளிதில் இறுகும். நறுக்கிய நுனி நாக்கையோ கன்னத்தையோ குத்தாது. பின்னிய இழை கிருமிகளை உறிஞ்சி உள்ளே இழுக்கும் என்ற குறை உண்டு. அது காயம் ஆறுவதை எவ்வளவு பாதிக்கும் என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் தையல் பிரிக்கப்படும்.

செயற்கை இழைகள்: பாலிகிளைகாலிக் அமில நூல் 1970 வாக்கிலும், விக்ரில் 1970களின் நடுவிலும் வந்தன. விக்ரில் இரண்டு வாரத்தில் முக்கால் பங்கு, மூன்று வாரத்தில் பாதி வலிமையைத் தக்கவைக்கும்.

அண்மைக் காலம்: மாட்டுப் பித்து நோய் அச்சத்தால் 2001 வாக்கில் ஐரோப்பாவில் விலங்குக் குடலில் செய்யப்படும் கேட்கட் விலக்கப்பட்டது. ஈறு நுண்ணறுவைக்கு 6-0, 7-0 இழைகளும், சில காயங்களுக்குச் சயனோஅக்ரிலேட் பசையும் பயன்படுகின்றன.